குழந்தையோடு கப்பல் பயணம்: ஒரே கேபினா, நடுவில் கதவு உள்ள இரண்டு கேபினா?

கைக்குழந்தையோ மூன்று நான்கு வயதுக் குழந்தையோ கூட வரும்போது, க்ரூஸ் கேபின் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதைத்தான். அது கம்பெனியின் கணக்கு. நீங்கள் போட வேண்டிய கணக்கு வேறு: குழந்தை ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கிவிட்டால், எட்டிலிருந்து பதினொன்று வரை நீங்கள் இரண்டு பேரும் எங்கே இருப்பீர்கள்? சாதாரண பால்கனி கேபின் ஒன்று, பால்கனியைச் சேர்க்காமல், 17 சதுர மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதாவது சுமார் 180 சதுர அடி. ஜன்னல் இல்லாத உள் கேபின் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. கட்டில், சோபா, மேஜை, அலமாரி எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு தொட்டிலையும் விரித்துவிட்டால் நடக்கவே வழி இருக்காது. விளக்கைப் போட்டால் குழந்தை எழுந்துவிடும், டிவி சத்தம் வைக்க முடியாது, பெட்டியைத் திறந்து ஒரு சட்டை எடுப்பதற்குக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா, ஒரே ஒரு சின்னக் குழந்தை என்றால் பால்கனியுள்ள ஒரே கேபின் போதும். இரண்டு குழந்தைகள் இருந்தால், அல்லது தாத்தா பாட்டி கூட வந்தால், நடுவில் உள்கதவு உள்ள ஜோடிக் கேபின், அதாவது கனெக்டிங் கேபின்தான். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு உள்கதவு இல்லாத இரண்டு தனிக் கேபின்கள் எடுப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. இனி ஏன் என்று பார்க்கலாம்.

கேபின் எதுவானாலும் குழந்தையின் வயதை முதலில் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் குறைந்தபட்சம் 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், பெருங்கடலைக் கடக்கும் பயணங்களிலும் தொடர்ந்து பல நாள் கரை காணாத பயணங்களிலும் 12 மாதம். பயணம் தொடங்கும் நாளில் அந்த வயது நிறைந்திருக்க வேண்டும், டிக்கெட் எடுக்கும் நாளில் அல்ல.

ஒரே கேபினின் பெரிய பலம் பணம். கப்பல் கட்டணம் பொதுவாக ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்ற அடிப்படையில் போடப்படுகிறது. முதல் இருவர் முழுக் கட்டணம் கட்டுகிறார்கள், அதே கேபினில் மூன்றாவது, நான்காவதாக வருகிறவருக்கு வழக்கமாகக் கட்டணம் குறைவு. 'குழந்தைகளுக்கு இலவசம்' என்று வரும் சலுகைகளை நன்றாகப் படித்துப் பாருங்கள், அவை பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது பயணிக்கு மட்டும்தான். குழந்தையைத் தூக்கி இன்னொரு கேபினில் இரண்டாவது ஆளாகப் போட்ட நொடியில் அந்தச் சலுகை போய்விடும், கப்பல் கம்பெனியின் கண்ணில் உங்கள் இரண்டு வயதுக் குழந்தை முழுக் கட்டணப் பயணி ஆகிவிடும். மூன்று பேர் இரண்டு கேபின் எடுத்தால் இன்னும் மோசம்: ஒரு கேபினில் ஒரு பெரியவரும் குழந்தையும், அடுத்ததில் இன்னொரு பெரியவர் தனியாக. தனியாக இருப்பவருக்கு ஒற்றை ஆள் கூடுதல் கட்டணம் வரும், அது பல கம்பெனிகளில் கிட்டத்தட்ட இன்னொரு முழு ஆளின் கட்டணம். ஆக மூன்று பேர் போக, நான்கு பேரின் கட்டணம் கட்டுகிறீர்கள். துறைமுக வரியும், ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ் தொகையும் பொதுவாகத் தலைக்கு இவ்வளவு என்பதால் அவை அதே விகிதத்தில் ஏறாது, ஆனாலும் மொத்தத்தில் வித்தியாசம் பெரிது.

அந்தப் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு அந்த மூன்று மணி நேரத்துக்கு என்ன செய்வது? அதற்குத்தான் பால்கனி. குழந்தை தூங்கியதும் திரையை இழுத்துவிட்டு, கண்ணாடிக் கதவை மூடிவிட்டு வெளியே இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அதுவே உங்கள் இரண்டாவது அறை. கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசலாம், சாப்பிடலாம். இதற்கு வானிலை ஒத்துழைக்க வேண்டும், குளிர்ப் பிரதேசப் பயணங்களில் இந்த யோசனை பாதிதான் உதவும். கூடவே, குழந்தை மேல் உங்கள் கண் இல்லாதபோது கதவு பூட்டியிருக்க வேண்டும், பால்கனி நாற்காலிகளைக் கம்பியை ஒட்டிப் போடவே கூடாது. ஏறத் தெரிந்த குழந்தைக்கு நாற்காலி ஒரு படிக்கட்டு. இந்த விஷயத்தில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

ஒரே கேபினிலேயே கப்பலுக்குக் கப்பல் வித்தியாசம் உண்டு, இதைப் பலர் பார்ப்பதில்லை. டிஸ்னி கப்பல்களின் பெரும்பாலான கேபின்களில் குளியலறை இரண்டாகப் பிரிந்திருக்கும்: ஒன்றில் குளிக்கும் இடமும் வாஷ்பேசினும், இன்னொன்றில் டாய்லெட்டும் வாஷ்பேசினும். கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே இழுத்துவிட ஒரு திரையும் இருக்கும். திரை சத்தத்தை நிறுத்தாது, ஆனால் வெளிச்சத்தை நிறுத்தும், சின்னக் குழந்தைக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மற்ற பல கப்பல்களில் ஷவர் மட்டும் உள்ள ஒரே குறுகிய குளியலறைதான். அப்புறம், மூன்றாவது படுக்கை எது என்று கேளுங்கள். சோபாவை விரித்தால் வரும் படுக்கையா, கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும் மேல்படுக்கையா? மேல்படுக்கை மட்டும் என்றால் நான்கு வயதுக் குழந்தையை அதில் படுக்க வைக்க முடியாது, ஒரு பெரியவர் ஏணி ஏற வேண்டியதுதான்.

இப்போது கனெக்டிங் கேபின். அடுத்தடுத்த எண் உள்ள எல்லாக் கேபின்களும் கனெக்டிங் அல்ல. இரண்டுக்கும் நடுச்சுவரில், உள்ளேயே, ஒரு கதவு இருக்க வேண்டும். டெக் பிளானில், அதாவது கப்பலின் தள வரைபடத்தில், இரண்டு கேபின்களுக்கு நடுவே இரட்டை அம்புக்குறியோ சின்ன முக்கோணமோ கோடோ போட்டிருப்பார்கள், எந்தக் குறி என்பதைப் பக்கத்தில் இருக்கும் விளக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கதவு இருந்தால் எட்டு மணிப் பிரச்சினை தீர்ந்தது: குழந்தை ஒரு பக்கம் இருட்டில் தூங்கும், நீங்கள் மறுபக்கம் விளக்கைப் போட்டுக்கொண்டு, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு இருக்கலாம், குழந்தை புரண்டு படுத்தாலும் காதில் விழும். இரண்டாவது குளியலறையின் அருமை காலையில்தான் தெரியும். கரையில் இறங்கும் நாளில் எட்டு மணிக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும், டயப்பர் மாற்றும்போது இன்னொருவர் குளிக்க வேண்டும், அப்போது ஒரே ஷவருக்கு நான்கு பேர் காத்திருப்பதும் இரண்டு ஷவர் இருப்பதும் ஒன்றல்ல. ஸ்ட்ரோலர் வைக்கவும் இடம் கிடைக்கும். தீ விபத்து விதிப்படி தாழ்வாரத்தில் எதையும் நிறுத்தி வைக்க விடமாட்டார்கள், சாதாரண கேபின் கதவோ அகலமான ஸ்ட்ரோலர் விரித்தபடி நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானது.

குறைகளும் உண்டு. கதவு சுவரில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சில கப்பல்களில் கனெக்டிங் கேபினில் சோபா சின்னதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது, அதனால் மூன்றாவது ஆளுக்குப் படுக்கை கிடைக்காமல் போகலாம். கதவின் வழியாகச் சத்தம் சுவரை விட அதிகமாக வரும். உங்கள் குடும்பமே மறுபக்கம் இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை, ஆனால் இரண்டு கேபின் வேண்டாம் என்று முடிவு செய்து ஒன்று மட்டும் எடுப்பவர்கள் கனெக்டிங் கேபினில் மாட்டிக்கொள்ளக் கூடாது, மறுபக்கம் யாரோ ராத்திரி ஒரு மணிக்குப் பேசுவது குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் பேசுவது மாதிரி கேட்கும். இன்னொன்று, இரண்டு கேபின் என்றால் தாழ்வாரத்துக்கு இரண்டு கதவு, இரண்டிலும் பால்கனி இருந்தால் கடலைப் பார்த்த கதவும் இரண்டு. ஓடித் திரியும் குழந்தைக்கு வெளியே போக வழிகள் இரட்டிப்பாகின்றன. அதனால் சில கப்பல்களில் கிடைக்கும் ஒரு சேர்க்கையை நான் மிகவும் விரும்புகிறேன்: பால்கனி கேபின் ஒன்று, அதோடு உள்கதவால் இணைந்த ஜன்னல் இல்லாத கேபின் ஒன்று. விலையும் குறைவு, காலையில் சூரியன் எழுப்பாத இருட்டறையும் குழந்தைக்குக் கிடைக்கும், காவல் காக்க வேண்டிய பால்கனியும் ஒன்றுதான்.

நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்கு மாறுகிறது. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை என்றால் கனெக்டிங்கில் ஒற்றை ஆள் கூடுதல் கட்டணம் இல்லை, நான்கு முழுக் கட்டணம், அவ்வளவுதான். பள்ளி விடுமுறைக் காலங்களில் மூன்றாவது, நான்காவது ஆளின் கட்டணமும் ஏறிவிடும், அப்போது நான்கு பேர் ஒரே பால்கனி கேபினில் நெருக்கியடித்துப் போகும் விலைக்குப் பக்கத்திலேயே இரண்டு உள் கேபின்களின் விலை வந்து நிற்பது உண்டு. அதனால் எப்போதும் இரண்டையும் கடைசிப் பக்கம் வரை, வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து பேர் என்றால் பேச்சே இல்லை, சாதாரண கேபின் பெரும்பாலும் நான்கு பேரோடு நின்றுவிடும்.

தாத்தா பாட்டி வரும் குடும்பத்துக்குத்தான் கனெக்டிங் கேபின் முழுப் பலன் தருகிறது. அவர்கள் எப்படியும் ஒரு கேபின் எடுக்கத்தான் போகிறார்கள், இரண்டு பேர், இரண்டு முழுக் கட்டணம், கூடுதல் எதுவும் இல்லை. உங்கள் கேபினில் குழந்தை மூன்றாவது ஆளாகக் குறைந்த கட்டணத்தில் வரும். உள்கதவுக்காகத் தனியாகப் பெரிதாக எதுவும் செலவாகாது, பார்த்து அந்த ஜோடிக் கேபினைப் பிடிக்க வேண்டியதுதான். குழந்தை தூங்கிய பிறகு நீங்கள் இரண்டு பேரும் நாடகம் பார்க்கவோ நிம்மதியாகச் சாப்பிடவோ போகலாம், பாட்டி தன் கேபினில் தன் கட்டிலில் படுத்தபடியே பேரனுக்குக் காவல் இருக்கலாம். அவர்களுக்கும் தனிமை வேண்டும், மூட வேண்டும் என்று தோன்றினால் மூடிக்கொள்ளக் கதவு இருக்கிறது. ஆனால் போகும் முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள், எந்தெந்த இரவு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், எந்த இரவு அவர்களுக்குச் சொந்தம் என்று. கேட்காமலேயே காவலுக்கு வைத்துவிடுவது நியாயமில்லை, அவர்களும் விடுமுறைக்குத்தான் வருகிறார்கள்.

உள்கதவு இல்லாத பக்கத்துக் கேபின், எதிர்க் கேபின் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது நல்ல தேர்வு, தாழ்வாரத்தைத் தாண்டி ஒரு உள் கேபின் எடுத்தால் மலிவாகவும் இருக்கும். சின்னக் குழந்தைக்கு அப்படி இல்லை. அப்பா ஒரு கேபினில், அம்மாவும் குழந்தையும் இன்னொன்றில் என்றுதான் முடியும். பால்கனிக்கு நடுவே இருக்கும் தடுப்பைத் திறந்துவிட்டால் கனெக்டிங் மாதிரி ஆகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. சில கப்பல்களில் கேபின் பணியாளர் அதைத் திறந்துவிடுவார், பகலில் உட்கார்ந்து பேச அருமையாக இருக்கும், ஆனால் எல்லாத் தடுப்பும் திறக்காது, சில இடங்களில் அது அசையாத இரும்புச் சுவர். திறந்தாலும், நடு ராத்திரியில் அழும் குழந்தையிடம் போக இரண்டு பால்கனிக் கதவுகளைத் திறந்து கடல் காற்றில் நடக்க வேண்டும், அதற்காக அந்தக் கதவுகளைப் பூட்டாமல் வைத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தை உள்ள கேபினில் அது ஆபத்து.

சூட் என்ற பெயரில் ஏமாற வேண்டாம். ஜூனியர் சூட், மினி சூட் என்பவை பெரும்பாலும் கொஞ்சம் பெரிய ஒரே அறைதான், தனிப் படுக்கையறை இருக்காது. நீங்கள் தேடுவது பரப்பளவு அல்ல, நடுவே ஒரு சுவர். உண்மையிலேயே இரண்டு படுக்கையறை உள்ள குடும்ப சூட்கள் இருக்கின்றன, அருமையானவை, ஆனால் விலை பல நேரம் இரண்டு கனெக்டிங் பால்கனிக் கேபின்களைத் தாண்டிப் போய்விடும். இரண்டு சாதாரண பால்கனிக் கேபின்களைச் சேர்த்தால் சுமார் 34 சதுர மீட்டரும் இரண்டு குளியலறையும் கிடைத்துவிடுகின்றன. கப்பல் கம்பெனிகளுக்கும் இது தெரிந்திருக்கிறது: 2017-ல் கடலுக்கு வந்த எம்எஸ்சி மெராவிக்லியாவில் பக்கத்துக் கேபின்களை இணைத்துப் பத்துப் பேர் வரை தங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

கேபினை முடிவு செய்யும் முன் அந்தக் கப்பலில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், இது முடிவையே மாற்றிவிடும். பிரிட்டனின் பி அண்ட் ஓ, குனார்ட் கம்பெனிகளின் குடும்பக் கப்பல்களில் இரவு நேரக் குழந்தைகள் காப்பகம் உண்டு, குழந்தையை இரவு உடையோடு கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, திரும்பும்போது தூக்கிக்கொண்டு வரலாம். டிஸ்னியிலும் ராயல் கரீபியனின் பல கப்பல்களிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மணிக் கணக்கில் பணம் கட்டும் காப்பகம் இருக்கிறது, இடம் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மூன்று வயதுக்கு மேல் என்றால் பல கம்பெனிகளில் குழந்தைகள் கிளப் இலவசம், ஆனால் டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகியிருக்க வேண்டும். நல்ல இரவுக் காப்பகம் உள்ள கப்பலில் இரண்டாவது கேபினுக்குக் கொட்டும் பணம் வீண்.

சரி, கனெக்டிங் என்று முடிவு செய்துவிட்டீர்கள். சீக்கிரம் புக் செய்யுங்கள், ஒரு கப்பலில் ஒவ்வொரு வகையிலும் இப்படிப்பட்ட ஜோடிகள் கொஞ்சம்தான், அதிலும் ஒன்றை யாராவது தெரியாமல் தனியாக எடுத்துவிட்டால் ஜோடி போச்சு. கேபின் எண்ணைக் கம்பெனியே பிறகு ஒதுக்கும் கேரண்டி கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொட வேண்டாம். இணையத்தில் இரண்டு கேபினைத் தனித்தனியாகப் பிடிப்பதற்குள் ஒன்று கைநழுவலாம், அதனால் ஃபோனிலோ ஏஜென்ட் மூலமோ இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, இரண்டு புக்கிங்கையும் இணைக்கச் சொல்லுங்கள், நடுவில் கதவு இருக்கிறது என்று அவர்கள் வாயால் உறுதி வாங்குங்கள். இலவசமாக மேல் வகைக்கு மாற்ற வேண்டாம் என்றும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு கேபினை மட்டும் இரண்டு தளம் மேலே மாற்றிவிட்டு அதைப் பரிசு மாதிரி கொடுப்பார்கள், உங்கள் ஏற்பாடே குலைந்துவிடும்.

சில கப்பல்களில் நான்கு படுக்கை உள்ள கேபினிலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்று சொல்வார்கள். அது பொய் இல்லை. அந்தப் பகுதிக்கான உயிர்காப்புப் படகில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு உண்டு, அது நிரம்பிவிட்டால் படுக்கை காலியாக இருந்தாலும் ஆள் சேர்க்க மாட்டார்கள். கப்பலின் இன்னொரு பகுதியில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கலாம்.

பெயர்களை எந்தக் கேபினில் போடுவது என்பதும் யோசிக்க வேண்டியது. ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ராயல் கரீபியனின் வட அமெரிக்கப் பயணங்களில் அந்தப் பெரியவருக்குக் குறைந்தபட்சம் 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஆனால் பெற்றோர் கனெக்டிங் கேபினில் இருந்தால் குழந்தைகளுக்கு அதைத் தளர்த்துகிறார்கள். காகிதத்தில் எப்படி இருந்தாலும், கப்பலில் ஏறிய பிறகு வரவேற்பு மேஜையில் சொன்னால் இரண்டு கேபினுக்கும் சாவி அட்டை தருவார்கள், யார் எங்கே படுப்பது என்பது உங்கள் விருப்பம். ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்று ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற கம்பெனிகள் கேட்கின்றன, அதனால் பெயர்களைப் பிரித்துப் போடுவது சிலருக்குப் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

ஏறியதும் நடுக்கதவு பூட்டியிருக்கும், கேபின் பணியாளரிடம் சொன்னால்தான் திறப்பார், முதல் நாள் மதியமே சொல்லிவிடுங்கள், இரவு ஏழு மணிக்கு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கனமான கதவு, கப்பல் ஆடும்போது தானாக அடித்துச் சின்ன விரல்களை நசுக்கிவிடும், அது நகராமல் இருக்க என்ன வழி என்று அவரிடமே கேளுங்கள். தொட்டிலும் கட்டில் தடுப்பும் கப்பலில் குறைவாகவே இருக்கும், புக் செய்யும்போதே கேட்டிருந்தாலும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைப் பக்கத்துக் கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போடச் சொல்லலாம், பெரும்பாலான கேபின்களில் கட்டில்கள் இரண்டாகப் பிரியக் கூடியவைதான். தாழ்வாரக் கதவில் மேல்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழந்தைக்கு எட்டுமா என்று இரண்டு கேபினிலும் சோதியுங்கள். பாதுகாப்புப் பயிற்சி நடக்கும் முன் ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்று இரண்டு கேபினின் சாவி அட்டையிலும் போட்டிருக்கும் குறியை ஒப்பிட்டுப் பாருங்கள், வேறு வேறாக இருந்தால் உடனே வரவேற்பு மேஜையில் போய் ஒன்றாக்கக் கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கேபினில் வைக்கும் கப்பல் என்றால், குழந்தை அளவு ஜாக்கெட் குழந்தையின் பெயர் பதிந்த கேபினுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம், அதைக் குழந்தை உண்மையில் படுக்கும் பக்கத்து அலமாரிக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.